வடலூர் அடுப்பும் வண்ணார்பண்ணைக் கஞ்சித்தொட்டியும்

இளையான்குடி மாறநாயனார் நள்ளிருளில், கொட்டும் மழையிலே வயலுக்குச் சென்று, பகலில் விதைத்த நெல்முளையை வாரி வந்ததையும், அவர்தம் மனைவியார் அதனைச் சமைத்து அடியவர்க்குத் திருவமுது ஆக்கியதையும் நாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். அது வீட்டடுப்பு, வந்தவர் சிவவேடத்தர். ஒதுங்க ஒரு வீடும் நெற்றியில் நீறும் இல்லாத ஒருவனுக்கு எந்த அடுப்பில் உலை ஏறும்?

1866இல் ஒரிசாவைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று; சென்னை மாகாணத்திலும் தானியவிலை ஏறிற்று. மறு ஆண்டு, 1867 மே 23ஆம் நாள், இராமலிங்க சுவாமிகள் வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார்கள். நிலம் ஊரார் மனமுவந்து ஈந்தது. பசித்தவனிடம் தேசம், சமயம், சாதி, நடத்தை ஆகியவற்றை வினவலாகாது என்பது சுவாமிகள் இயற்றிய சீவகாருணிய ஒழுக்கத்தின் நெறி. தன் பெண்டு பிள்ளைகளைப் பட்டினியிட்டு அயலாருக்கு ஊட்டுவதையும் அந்நூல் ஒப்பவில்லை. ஆகவே இல்லத்துப் பானையில் தொடங்கும் அறமே சாலைக்கு வந்து சேர்கின்றது. நம் விழாக்களிலோ, உள்ளே பந்தி முடிந்தபின் எஞ்சியதை வாயிற்புறத்தார்க்கு இடுகின்றோம். அதனை அன்னதானம் என்று சொல்ல நமக்கு நாக் கூசுகின்றது.

பத்தாண்டு கழித்து, 1876 முதல் 1878 வரை, தாதுவருடப் பஞ்சம் வந்தது. அரசினர் நிவாரண வேலைத்தலங்களில் கூலியைக் குறைத்தனர். 1877இல் ரிச்சர்டு டெம்பிள் துரை வகுத்த கணக்கு, நாள் முழுதும் மண் சுமந்தவனுக்கு ஓர் இராத்தல் தானியமும் அற்பக் காசும். வடலூர்ச் சாலையிலோ இலை இடுவதற்கு முன் உழைப்பு அளக்கப்படவில்லை. சுவாமிகள் 1874இல் மேட்டுக்குப்பத்திலே திருக்காப்பிட்டுக்கொண்ட பின்னரும் சாலை நின்றுபோகவில்லை.

அதே 1877இல் யாழ்ப்பாணத்திலும் பஞ்சமும் வாந்திபேதியும் மூண்டன. ஆறுமுக நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தி ஏழைகளைக் காத்தார்கள். நாவலரவர்களும் சுவாமிகளும் அருட்பா பற்றி எதிரெதிரே நின்றவர்கள் என்பது எவரும் அறிந்ததே. அவ்வழக்கினுள் நாம் இப்போது புகவில்லை. எழுத்தாலும் நீதிமன்றத்தாலும் தீராத அப்பிணக்கு, பசித்தவன் முன் உலை வைக்கும்போது எங்கே போயிற்று என்பதே நம் வியப்பு.

வடலூரில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாது காக்கப்படுகின்றது. தைப்பூசத்தன்று சுற்றூரார் தம் வீட்டு அரிசியையும் காய்கறிகளையும் சுமந்து வருகின்றனர். வந்தவர்களே அரிகின்றனர், சமைக்கின்றனர், பரிமாறுகின்றனர். திருநீறு அணிந்தாரும் அணியாதாரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். இலை போடுகிறவர் ஊர் பேர் கேட்பதில்லை.