காடியில் பிறந்த கொழுப்பு

திருத்தணிக்கு வருகிறவர்கள் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். நாளுக்கு ஒரு படியாக ஆண்டுக்கு 365. படிகளை விட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் பாறைச் சரிவு, முட்புதர், அதற்கு நடுவே பின்னங்காலில் எழுந்து நின்று இலந்தைக் கொழுந்தை எட்டிப் பறிக்கும் வெள்ளாடுகள். மயிலும் யானையும் போல ஆடும் முருகனுக்கு ஊர்திதான். கந்தபுராணத்தில் அதற்கென்றே தகரேறு படலம் என்று ஒன்று உண்டு. இருந்தாலும் மலையேறும் கூட்டத்தில் ஆட்டைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு.

எங்கள் ஆயா வீட்டில் நாலு வெள்ளாடு இருந்தன. ஊர் திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவில். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் ஆயா ஆடுகளிடம் தெலுங்கில்தான் பேசுவார், எங்களிடம் தமிழில். ஒரு நாள் பால் காய்ச்சும்போது கேட்டேன், பசும்பாலில் தடிப்பாக ஏடு கட்டுகிறதே, இதில் ஏன் இல்லை என்று. "ஆட்டுப்பால்ல கொழுப்பு இல்லாம இல்லடா. அது உள்ளயே கலந்து நிக்கும், மேல வராது" என்றார். அந்தப் பதில் எவ்வளவு துல்லியமானது என்று புரிய எனக்கு வெகு காலம் ஆயிற்று. அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்ற அடுத்த கேள்விக்கு ஆயாவிடமும் பதில் இல்லை.

தீனியிலிருந்து நேராக வருகிறது என்றுதான் தோன்றும். ஆனால் இலை தழையின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் கொழுப்பு. ஆடாதொடையைத் தவிர கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் மேய்ந்தாலும் அந்தக் கணக்கு பாலுக்குக் கட்டுப்படியாகாது. மிச்சத்தை ஆடு புதிதாகச் செய்தாக வேண்டும். எதிலிருந்து?

விடை ஒரு ஆட்டின் மடியிலிருந்தே வந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் போப்யாக், பிரெஞ்ச், ஃபோலி என்ற மூவர் கறவை ஆடு ஒன்றுக்கு அசிடேட்டை ஊசி வழியே ஏற்றினார்கள். காடியின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தின் உப்பு அது. அதில் இருந்த கார்பனைக் கதிரியக்கக் கார்பன்-14 ஆக மாற்றி அடையாளம் வைத்திருந்தார்கள். பிறகு கறந்த பாலின் கொழுப்பில் அந்த அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. 1951-இல் முடிவு அச்சேறியது. பால் கொழுப்பில் உள்ள குட்டைச் சங்கிலிகள், நீளமான சங்கிலிகள் அறுந்து உண்டானவை என்று அதுவரை லிவர்பூலின் ஹில்டிச் போன்ற பெரிய கொழுப்பு வேதியியலாளர்களே கருதியிருந்தார்கள். அறுப்பு வேலை அல்ல, கோர்ப்பு வேலை என்று ஒரு வெள்ளாடு காட்டிவிட்டது. பால் கொழுப்பின் வரலாற்றில் இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரியாது.

அசிட்டிக் அமிலம் ஆட்டுக்குள் எப்படி வந்தது? மேய்ந்துவிட்டு வந்து மர நிழலில் படுத்து, கண்ணைப் பாதி மூடி அசைபோடுகிறதே, அப்போது அதன் முதல் வயிறு ஒரு நொதிப்பானை. கோடானுகோடி நுண்ணுயிர்கள் இலையின் நாரைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பில் பெரும்பங்கு அசிட்டிக் அமிலம். அது வயிற்றுச் சுவர் வழியே இரத்தத்தில் கலந்து மடிக்குப் போகிறது. நார் மிகுந்த தீனி என்றால் இந்தப் புளிப்பு கூடும். மாவும் தானியமும் மிகுந்தால் வேறு அமிலங்கள் தலைதூக்கும். இரத்தத்தில் வரும் சர்க்கரையை மடி கொழுப்பாக்குவதில்லை. அதைப் பாலின் இனிப்புக்கு, அதாவது லாக்டோஸுக்கு ஒதுக்கி வைக்கிறது.

மடிக்குள் நடப்பதுதான் கதையின் நடுப்பகுதி. பால் சுரக்கும் ஒவ்வொரு செல்லிலும் கொழுப்பு அமிலம் கோர்க்கும் நொதி ஒன்று இருக்கிறது. அசிடேட்டில் இரண்டு கார்பன். அதோடு இரண்டு, மறுபடி இரண்டு என்று நொதி ஈரிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போகும். வழக்கமாக 16 கார்பன் வந்ததும் சங்கிலி முடிந்து கழன்றுவிடும். ஆனால் ஆட்டின் மடியில் பல சங்கிலிகள் 6, 8, 10 என்று பாதியிலேயே இறங்கிவிடுகின்றன. சங்கிலியைத் தொடங்கி வைக்க மூலப்பொருளை ஏற்றிவிடும் அதே பகுதி, அரைகுறைச் சங்கிலியையும் இறக்கிவிடுகிறது என்று டென்மார்க்கில் நுட்சனும் குருன்னெட்டும் 1982-இல் காட்டினார்கள். ஆட்டுப்பாலுக்கு அந்தத் தனி வாசனை இந்தக் குட்டைச் சங்கிலிகளால்தான். கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்ற அவற்றின் பெயர்களிலேயே லத்தீன் 'கேப்ரா', அதாவது ஆடு, ஒளிந்திருக்கிறது. பாலில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி இப்படி மடியிலேயே கோர்க்கப்பட்டது. மறுபாதி தீனியிலிருந்தும் ஆட்டின் உடல் கொழுப்பிலிருந்தும் இரத்தம் சுமந்து வருவது.

சரி, எவ்வளவு கோர்க்க வேண்டும் என்று செல்லுக்குச் சொல்வது யார்? ஒரே கட்டளை கிடையாது. எஸ்.ஆர்.இ.பி.பி.-1 என்ற புரதம் செல்லின் உள்சவ்வில் கட்டுண்டு கிடக்கும். வேளை வந்ததும் அதன் ஒரு துண்டு வெட்டப்பட்டு உட்கருவுக்குள் போய், கோர்க்கும் நொதிகளுக்கான மரபணுக்களைத் தூண்டிவிடும். பிபார் காமா என்பது இன்னொரு தூண்டுகோல். சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் யாங்லிங் நகர வேளாண் பல்கலைக்கழகத்தார் சானென் வகைக் கறவை ஆடுகளை வைத்து இந்த வலையைப் பல ஆண்டுகளாக அவிழ்த்து வருகிறார்கள். மிர்-103 என்ற குட்டி ஆர்.என்.ஏ. இழையைச் செல்லில் கூட்டினால் கொழுப்புத் துளிகளும் கூடுகின்றன என்று 2013-இல் அங்கே கண்டார்கள். இருபத்திரண்டு எழுத்துச் சொச்சம் நீளமே உள்ள ஓர் இழைக்கு இந்த அதிகாரம் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கோர்த்த சங்கிலிகளை மூன்று மூன்றாக ஒரு கிளிசரால் முதுகெலும்பில் கட்டினால்தான் கொழுப்பு ஆகும். மூன்றாவது முடிச்சைப் போடுவது டிகாட்-1 என்ற நொதி. பிரான்சின் ஆல்பைன், சானென் ஆடுகளில் இந்த மரபணுவில் இரண்டு பிறழ்வுகளை 2017-இல் கண்டுபிடித்தார்கள். முடிச்சு தளர்ந்த ஆடுகளின் பாலில் கொழுப்பு குறைவு. அதற்கு முன்பே அங்கே இன்னொரு விந்தையும் தெரிந்திருந்தது. கேசீன் புரதங்களில் ஒன்றின் மரபணு ஆட்டுக்கு ஆடு வேறுபடும். சில ஆடுகளில் அது ஏராளமாகச் சுரக்கும், சிலவற்றில் கொஞ்சம், சிலவற்றில் சுத்தமாக இல்லை. அது குறைந்த ஆட்டில் கொழுப்பும் குறைகிறது. புரதம் கொழுப்பின் பாதையை எப்படி மறிக்கிறது என்றால், அந்தக் கேசீன் இல்லாதபோது மற்றப் புரதங்கள் செல்லின் உள்ளறைகளிலேயே தேங்கி, மொத்தச் சுரப்பும் நெருக்கடிக்கு உள்ளாகிறது. நம் நாட்டு ஆட்டினங்கள் பலவற்றில் இந்த மரபணுவின் வலுவான வடிவங்களே மிகுதி. மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் பார்த்தது இது. பாலுக்கென்று அதிகம் வளர்க்கப்படாத ஆடுகளிடமும் கெட்டிப்பாலுக்கான சொத்து இருக்கிறது என்பதை நாம் இன்னும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீனி விஷயத்தில் ஆடு பசுவைப் போல அல்ல. பசுவுக்குத் தாவர எண்ணெயும் தானியமும் மிஞ்சினால், முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஒரு கோணலான கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும். அது மடிக்குப் போய்க் கோர்க்கும் வேலையையே அடக்கிவிடும், பாலும் நீர்த்துப்போகும். அதே எண்ணெயைக் கொடுத்தால் ஆட்டுப்பாலில் கொழுப்பு பெரும்பாலும் கூடவே செய்கிறது.

கடைசியில் பிறப்பு. செல்லுக்குள் சிறு துளிகளாகத் திரண்ட கொழுப்பு மெல்ல நகர்ந்து மேல் விளிம்புக்கு வருகிறது. வெளியேறும்போது செல்லின் மேல்சவ்வையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு பிதுங்கி விழுகிறது. ஆட்டின் துளி சராசரியாகப் பசுவினதைவிடச் சிறியது. பசும்பாலில் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கொத்தாக மேலே மிதக்கவிடும் புரதம் ஆட்டுப்பாலில் இல்லை. ஆகவே துளிகள் தனித்தனியாகப் பால் முழுக்கப் பரவி நிற்கின்றன. உள்ளேயே கலந்து நிற்கும், மேலே வராது.

திருத்தணிப் பக்கத்தில் ஆட்டை விற்பது கறிக்குத்தான். விலை எடையைப் பார்த்து. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலை ஏறிய ஒரு வாரத்தில் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா மந்தையிலிருந்து ஐந்து குட்டிகளை வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த பெட்டைக் குட்டி ஒன்றை மட்டும் வியாபாரி இரண்டு முறை கேட்டும் தரவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னார்: "இத குடுக்கமாட்டேன். இதோட தாய்ப்பால் கெட்டி. ரெண்டு குட்டி போட்டும் ரெண்டையும் தேத்திச்சு."