யந்திர ஞாபக சாதனங்கள்: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம்

யந்திர ஞாபக சாதனங்கள் என்பவை, கணிப்பொறியோ அதனால் ஆளப்படும் யந்திரமோ தான் செய்யவேண்டிய காரியங்களின் வரிசையையும் அவற்றுக்குரிய அளவுகளையும் குறிகளாகப் பதிந்துவைத்து, வேண்டிய க்ஷணத்தில் திரும்பப் படித்துக்கொள்ள உதவும் கருவிகளாகும். மின்சாரம் நின்றதும் பதிவை இழப்பவை, இழக்காமல் காப்பவை என இவை இருவகைப்படும். முன்னவை வேகத்தில் சிறந்தவை. பின்னவை நிலைபேற்றில் சிறந்தவை. இவ்விரு குணங்களும் மலிவாக ஒரே சாதனத்தில் கூடி அமைவது அரிதாதலின், எல்லாக் கணிப்பொறிகளிலும் பலவகைச் சாதனங்கள் ஒன்றற்கொன்று துணையாக நிற்கின்றன. ஓசூர் வட்டாரத்தில் இச்சாதனங்கள் லேத்துகளுக்கும் மில்லிங் யந்திரங்களுக்கும் உறுப்புகளாகவே பெரிதும் பரவினமையால், இங்குள்ள வரலாறு தனித்து நோக்கத்தக்க சிறப்புடையது.

தொடக்கம்: கருத்தைத் துளைகளாக மாற்றிப் பதியும் யோசனை நெசவுத் தொழிலில் பிறந்தது. 1804-ல் பிரான்ஸ் தேசத்து ஜாக்கார்டு துளையட்டைகளைக் கொண்டு தறியின் இழைகளை ஆண்டார்; 1890-ல் அமெரிக்கக் குடிமதிப்புக்கு ஹாலரித் துளையட்டைகளையே பயன்படுத்தினார். மின்னணுக் கணிப்பொறிகள் தோன்றியபின், பாதரசக் குழாயில் ஓடும் ஒலியலைகளாகவும் மின்கதிர்க் குழாயின் திரையில் மின்னேற்றப் புள்ளிகளாகவும் எண்களைக் காத்துவைக்கும் முயற்சிகள் நடந்தன. 1953-ல் வேர்ல்விண்ட் கணிப்பொறியில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் ஃபெரைட் காந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்து அமைத்த முறையே அவற்றையெல்லாம் விஞ்சி நிலைத்தது. சென்னையில் பிறந்த ரா. நரசிம்மன் தலைமையில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960-ல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியும் ஃபெரைட் வளைய ஞாபகத்தையே கொண்டிருந்தது. இதற்கிடையே 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் 24 அங்குல விட்டமுள்ள 50 காந்தத் தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைப் பதியும் சாதனத்தை வெளியிட, இன்றைய ஹார்டு டிஸ்குக்கு அடிகோலப்பட்டது.

ஓசூரின் தொழில் வளர்ச்சி: 1971-ல் ஏற்பட்ட தமிழ்நாடு அரசின் சிப்காட் ஸ்தாபனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்ததன் பயனாக, 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்ட், டி.வி.எஸ். ஆலைகளும், அத்தசாப்தத்திலேயே டைட்டன் கடிகார ஆலையும் இயங்கத் தொடங்கின. அவற்றுக்குப் பாகங்கள் கடைந்துகொடுக்கும் சிறு பட்டறைகள் சூழ எழுந்தன. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் 1953 முதல் எச்.எம்.டி. நிறுவனம் யந்திரக் கருவிகள் செய்துவந்தமையும் இப்பிரதேசத்துக்குப் பெரிய அனுகூலமாயிற்று. எண்களால் ஆளப்படும் சி.என்.சி. யந்திரங்கள் நாளடைவில் இங்கே பெருக, ஞாபக சாதனங்களும் அவற்றோடு வந்துசேர்ந்தன.

துளைநாடா: எண்களால் ஆளப்படும் யந்திரம் 1952-ல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதல் இயக்கிக் காட்டப்பெற்றபோது, அதற்கு ஆணை கொடுத்தது துளையிட்ட காகித நாடாவாகும். பிற்காலத்தில் வழக்கூன்றிய நாடா ஓர் அங்குல அகலமுடையது. குறுக்கே எட்டுத் துளைகளுக்கு இடமும், பல்சக்கரம் பற்றி இழுப்பதற்கென ஒரு சிறு துளையும் இருக்கும். ஓர் அங்குல நீளத்தில் பத்து எழுத்துகள் அடங்கும். ஐ.எஸ்.ஓ. முறைப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய துளைகள் இரட்டைப்படையாகவே இருத்தல் வேண்டுமாதலால், எண்ணெய்க் கறையாலோ கிழிசலாலோ ஒரு துளை மிகுந்தாலும் குறைந்தாலும் யந்திரம் பிழையுணர்ந்து நின்றுவிடும். நாடா நிற்கவேண்டிய இடத்தைக் காட்டிய % குறியை இன்றும் புரோகிராமின் முதலிலும் முடிவிலும் எழுதுகின்றனர். ஜப்பானிய ஃபானுக் நிறுவனம் தன் கட்டுப்பாட்டுக் கருவிகளின் ஞாபகக் கொள்ளளவை நாடாவின் நீளத்தாலேயே கூறிவந்தது. 320 மீட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் எழுத்துகள் என்று கொள்ளவேண்டும்.

பாட்டரி காத்த ஞாபகம்: நாடாவை ஒவ்வொரு பாகத்துக்கும் திரும்பத் திரும்ப ஓட்டித் தேய்ப்பதைத் தவிர்க்க, புரோகிராமை யந்திரத்தினுள்ளேயே வைத்துக்கொள்ளும் முறை தோன்றியது. பெல் ஆய்வுக்கூடத்து ஆண்ட்ரூ போபெக் 1967-ல் கண்ட காந்தக் குமிழி ஞாபகம், அசையும் உறுப்பின்றித் தூசிக்கும் அதிர்வுக்கும் ஈடுகொடுத்தமையால் யந்திரக் கருவிகளில் சிறிதுகாலம் விளங்கிற்று. ஆயினும் குறைகடத்திச் சில்லுகளின் விலைவீழ்ச்சிக்கு முன் நிலைக்கவில்லை. கட்டுப்பாட்டுக் கருவியின் அடிப்படை ஆணைகள் 1971-ல் இன்டெல் நிறுவனத்து டோவ் ஃப்ரோமன் அமைத்த ஈபிராம் வகைச் சில்லுகளில் பதியப்பட்டன. புற ஊதா ஒளியால் அழியும் இயல்புடைய அச்சில்லின் நடுவிலுள்ள குவார்ட்ஸ் சாளரத்தை ஒட்டுக் காகிதத்தால் மூடிவைப்பது வழக்கம்.

அடிக்கடி மாறும் புரோகிராம்களும், வெட்டுங்கருவிகளின் அளவு வேறுபாட்டைக் குறிக்கும் டூல் ஆஃப்செட் அளவுகளும், யந்திரத்தின் சுபாவத்தையே நிர்ணயிக்கும் பாராமீட்டர்களும் பாட்டரியின் துணைகொண்டு பதிவைக் காக்கும் ஸ்டாடிக் ராமில் இருந்தன. பாட்டரி அலாரம் திரையில் மின்னத் தொடங்கியதும், யந்திரத்துக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தவேண்டும் என்பதை, யந்திரத்தை வேலைக்கு அமைத்துக்கொடுக்கும் செட்டர்கள் தம் சீடர்களுக்கு முதற்பாடமாகச் சொல்லிக்கொடுப்பர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றினால் ஞாபகம் முழுவதும் வெறுமையாகி, யந்திரம் தன் அச்சுகளின் எல்லையைக்கூட அறியாத நிலையை அடையும். தமிழ்நாட்டில் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நேர்ந்ததைப் போன்ற நீண்ட மின்வெட்டுகளில் சுமை முழுவதும் பாட்டரியின்மேல் விழுமாதலால், அதன் ஆயுள் சுருங்குவது இயல்பே. யந்திரத்தோடு வந்த பாராமீட்டர் பட்டியலைக் காகிதத்திலேயே மின்பெட்டியினுள் வைத்துக் காப்பாற்றுவது இக்காரணம் பற்றியே.

ஃப்ளாப்பி முதல் ஃப்ளாஷ் வரை: 1971-ல் எட்டு அங்குலத் தகடாக வந்து பின்னர் மூன்றரை அங்குலமாகச் சுருங்கிய ஃப்ளாப்பி, அலுவலகத்தில் செவ்வனே உழைத்தபோதிலும், கூலண்ட் ஆவியும் உலோகத் தூளும் நிறைந்த பட்டறையில் எளிதில் பழுதுற்றது. யந்திரத்தின் கொள்ளளவை மிஞ்சிய நீண்ட அச்சுவார்ப்புப் புரோகிராம்களைக் கணிப்பொறியிலிருந்து கம்பி வழியே சிறிது சிறிதாக ஊட்டும் முறையும் வழங்கிற்று. தோஷிபா நிறுவனத்து ஃபுஜியோ மசுவோகா 1984-ல் அறிவித்த ஃப்ளாஷ் ஞாபகம், மின்சாரமின்றியும் பாட்டரியின்றியும் பதிவைக் காத்து, அசையும் உறுப்பும் அற்றிருந்தமையால், 1994-க்குப் பின் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையாகவும் 2000-த்துக்குப் பின் பென்டிரைவாகவும் பட்டறைக்குள் புகுந்து நிலைபெற்றது.

உற்பத்திப் பொருளில் ஞாபகம்: யந்திரத்துக்கு மட்டும் உரியதாயிருந்த ஞாபகம் காலக்கிரமத்தில் அது செய்யும் பொருளுக்குள்ளும் சென்றது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாடு அமுலானபின், எரிபொருளையும் தீப்பொறியின் நேரத்தையும் நிர்ணயிக்கும் அட்டவணைகள் இருசக்கர வாகனங்களின் ஃப்ளாஷ் சில்லுகளில் பரவலாக இடம்பெற்றன. ஓசூரில் ஏதர் நிறுவனமும், போச்சம்பள்ளிப் பகுதியில் ஓலா நிறுவனமும் செய்யும் மின்சார ஸ்கூட்டர்கள், விற்பனைக்குப் பின்னரும் கம்பியில்லாத் தொடர்பின் மூலம் புதிய ஆணைகளை ஏற்றுப் பதிந்துகொள்கின்றன.

மதிப்பீடு: கொள்ளளவு ஒன்றையே நோக்கின் இவ்வரலாற்றின் போக்கு விளங்காது, தூசி, அதிர்வு, மின்தடை ஆகிய மூன்றையும் தாங்கிய சாதனமே இவ்வட்டாரத்தில் நின்றது. ஃப்ளாஷும் முடிவான விடையன்று: அதன் ஒவ்வோர் அறையையும் குறிப்பிட்ட தடவைகளுக்குமேல் அழித்தெழுத இயலாது, அதிற் சிறைப்பட்ட மின்னேற்றமும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். யந்திரத்துக்கு வெளியே ஒரு பிரதி எடுத்து வைக்கும் கடமையிலிருந்து தொழிலாளியை விடுவிக்கும் சாதனம் இதுகாறும் தோன்றவில்லை.