கேரவன் வேன் பழுதறிதல்

கேரவன் வேன் பழுதறிதல் என்பது, படுக்கையும் சமையல் வசதியும் அமைந்த வேனின் என்ஜினிலோ மின்சுற்றிலோ நேரும் கோளாற்றின் மூலகாரணத்தை, பாகங்களை மாற்றுவதற்கு முன்னரே கிரமமாகப் பரீட்சித்துக் காணும் முறையாகும். ஓட்டத்துக்கு ஒன்றும் விளக்கு, விசிறிகளுக்கு ஒன்றுமாக இரண்டு பேட்டரிகள் இருப்பதால், மின்கோளாறே அதிகச் சிக்கலுடையது.

நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், என்ஜின் ஓடுகையில் 14 வோல்ட் அளவும் காட்டும். ஓடியும் அளவு உயராவிடின் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் சோதித்தல் வேண்டும். உப்புக்காற்று வீசும் வடசென்னையின் மூலக்கொத்தளம், இராயபுரம், எண்ணூர்ப் பகுதிகளில் எர்த் ஒயர் பாடியோடு சேருமிடத்துத் துரு பிரதான தோஷமாதலின், அவ்விணைப்பைப் பளபளக்கத் தேய்த்து, இறுக முறுக்கி, வாசலின் பூசிய பின்னரே பேட்டரியைக் குறை கூறுதல் நியாயம்.

டீசல் தீர்ந்து நின்ற பழைய வகை என்ஜின், டீசல் நிரப்பியும் பற்றாவிடின், குழாயில் காற்று அடைத்திருக்கும். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, நுரையற்ற டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்தல் பரிகாரம். கரும்புகை பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பைச் சுட்டும்.



எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றுதல் தீவிபத்துக்கு ஏதுவாம்.