மண்ணுக்குள் வைத்த சரித்திரம்

அரசர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் எழுதி வைத்தவர்கள், பஞ்சம் வந்த நாளில் கஞ்சி காய்ச்சி ஊற்றிய கைகளைப் பற்றி எழுதவில்லை. அழிவு நேர்ந்த ஆண்டும் மாண்டவர் தொகையும் ஏட்டில் ஏறிவிடுகின்றன. அந்த அழிவின் நடுவே அயலாருக்காக ஓடித் திரிந்த இளைஞரின் பெயர்கள் ஒரு தலைமுறைக்குள் மறைந்து போகின்றன. காத்தான்குடியில் ஆசிரியப் பணி புரியும் நமக்கு இக்குறை நெடுநாளாக மனத்தை உறுத்தி வந்திருக்கிறது. இக்குறையைத் தம் கையாலேயே தீர்க்க முயன்ற இரு மாணவரின் கதையை இங்கே கூற விரும்புகிறோம். அவர்கள் யூதர்கள், போலந்தின் வார்ஸா நகரத்தினர்.

யூதர் என்றதும் நம் வாசகர் சிலரின் முகம் சுருங்கக்கூடும். பாலஸ்தீன மக்களின் துயரைத் தன் துயராகக் கருதும் ஊர் இது. அவ்வுணர்வில் நாமும் வேறுபட்டவரல்லோம். ஆயினும், இஸ்ரேல் என்னும் அரசு தோன்றுவதற்கு 6 ஆண்டுகளுக்கு முன், 1942இல், நாஜிகளின் கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் எந்த அரசின் செயலுக்கும் பொறுப்பாளிகள் அல்லர். குலத்தைக் கேட்டறிந்த பின்னரே இரங்குவோம் என்றால் அந்த இரக்கத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

1940 நவம்பரில் நாஜிகள் வார்ஸாவின் யூதர் பகுதியை மதிலால் அடைத்தனர். சுமார் 3.4 சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கப்பட்டனர். பசியும் டைபஸ் காய்ச்சலும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. அந்நிலையிலும் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. குடியிருப்புத் தோறும் குழுக்கள் அமைத்தனர். கஞ்சிச் சாலைகள் நடத்தினர். நோவோலிப்கி வீதி 68ஆம் இலக்கப் பாடசாலையில் குழந்தைகளுக்கு உணவளிக்கும் பொறுப்பை இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்னும் ஆசிரியர் ஏற்றிருந்தார். அவருக்கு மற்றொரு பொறுப்பும் இருந்தது. அதை வெளியில் சொல்ல இயலாது.

இம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் என்னும் சரித்திர ஆசிரியர், மதிலுக்குள் நிகழ்வதையெல்லாம் திரட்டும் இரகசியக் குழு ஒன்றை நடத்தி வந்தார். பங்கீட்டு அட்டை, சுவரொட்டி, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, அகதிகளின் வாக்குமூலம், மிட்டாய் சுற்றிய காகிதம் வரை எதையும் அவர்கள் அற்பமென்று ஒதுக்கவில்லை. அவற்றை ஒளித்துக் காக்கும் வேலை லிக்டென்ஸ்டைனிடம் வந்தது. அவர் தம் பழைய மாணவர் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். ஒருவன் டேவிட் கிராபர், வயது 19. மற்றவன் நஹூம் கிஷிவாச், வயது 18. பிடிபட்டால் மரணம் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

1942 ஜூலை 22ஆம் நாள் மக்களை டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு ஏற்றி அனுப்பும் வேலை தொடங்கிற்று. இரண்டே மாதங்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். அந்த நாட்களில்தான் ஆசிரியரும் மாணவரும் காகிதங்களைப் 10 உலோகப் பெட்டிகளில் அடைத்துப் பாடசாலையின் நிலவறை மண்ணில் புதைத்தனர். மூவரும் தத்தம் மரண சாசனத்தையும் எழுதி உள்ளே வைத்தனர். தாய் தந்தையர் வசிக்கும் கட்டடம் முற்றுகையிடப்பட்டதைக் கேள்வியுற்ற கிஷிவாச், அவர்களைத் தேடி ஓடப்போவதாக எழுதித் தன் பெயரை நினைவில் வைக்குமாறு வேண்டினான். ஆசிரியர் தம் மனைவியையும் 20 மாதக் குழந்தையையும் உலகம் மறக்கலாகாது என்று எழுதினார். கிராபர் எழுதிய நாள் ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை, மாலை 4 மணி. அடுத்த தெரு வரை முற்றுகை வந்துவிட்டிருந்தது.

மூவரும் போரின் முடிவைக் காணவில்லை. ஆனால் 1946 செப்டம்பர் 18ஆம் நாள் அப்பெட்டிகள் இடிபாடுகளிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டன. பின்னர் புதைத்த இரண்டு பால் பாத்திரங்கள் 1950இல் கிடைத்தன. இன்று அவை யுனெஸ்கோ போற்றிப் பேணும் உலக ஆவணங்களுள் அடங்கும்.

ஆகஸ்ட் 3 என்று எழுதும்போது நம் கை நடுங்குகிறது. 48 ஆண்டுகள் கழித்து, 1990இல், அதே தேதியில்தான் காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். சிறுவரும் அவர்களுள் அடங்குவர். மாண்டவரை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அன்று காயப்பட்டோரைத் தூக்கியவர் யார்? கப்று வெட்டியவர் யார்? அவர்களில் எத்தனை பேர் மீசை அரும்பாதவர்? 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, கூரையிழந்த வீடுகளுக்குள் புகுந்து முதியோரை மீட்டவர் யார்? எந்த ஏட்டில் அவர்கள் பெயர் உண்டு?

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது நாம் பாடசாலை மாணவராயிருந்தோம். ஊரில் சோறு ஆக்கிய கிடாரங்களை இளைஞர்கள் தோளில் சுமந்து அகதிகள் தங்கிய இடங்களுக்கு எடுத்துச் சென்றோம். கரையொதுங்கிய உடல்களைச் சமயம் கேளாமல் தூக்கினோம். நம்மோடு கிடாரம் சுமந்த ஒருவன் 1990இல் பள்ளிவாசலில் தகப்பனை இழந்தவன். அவன் அன்று சோறு பரிமாறியது தமிழ்க் குழந்தைகளுக்கு. அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. யாரும் எழுதவுமில்லை. இருசாராரின் கொலைக் கணக்கும் அச்சேறியிருக்க, இந்தச் சோற்றுக் கணக்கு மட்டும் அழிந்து போவது நியாயமா? அழிந்தால், நாளைய பிள்ளைகள் பகையை மட்டுமே முதுசமாகப் பெறுவர் அல்லவா?

ஆகவே இவ்வாண்டு நம் வகுப்பு மாணவரிடம் ஒரு பணியை ஒப்படைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு கொப்பியுடன் தம் வாப்பாவிடமும் உம்மம்மாவிடமும் அமர்ந்து, அந்நாட்களில் யார் யாருக்கு என்ன செய்தார் என்பதைப் பெயருடனும் வயதுடனும் எழுதி வர வேண்டும். அயலூர்த் தமிழ்ப் பாடசாலை ஆசிரியரும் இவ்வாறே செய்வாராயின், இரு கொப்பிகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கலாம். வார்ஸாவின் அப்பிள்ளைகள் உண்மையை மண்ணுக்குள் வைக்க நேர்ந்தது. நமக்கு அந்த அவசியம் இல்லை. சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.