24 நிமிடம் 50 விநாடி: நல்ல நேரமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அமெரிக்காவில் குடியிருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் ‘கிராஸ் கண்ட்ரி’ அணியில் சேர்ந்து முதல் பந்தயம் ஓடியிருக்கிறாள். 5 கிலோமீட்டர், 24 நிமிடம் 50 விநாடி. “டீச்சர், இது நல்ல டைமா, சுமாரா? இங்கே யாரைக் கேட்டாலும் சூப்பர் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையைச் சொல்ல ஆளில்லை” என்று எழுதியிருந்தாள். வரலாற்று டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது என்று அவளே ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தாள். கேட்கிற கேள்விதான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. கிராஸ் கண்ட்ரி என்பது மைதானத்து வட்டத்தில் ஓடுவதல்ல. புல்வெளி, மேடு, பள்ளம், மரத்தடிப் பாதை, மழை பெய்தால் சேறு, எல்லாவற்றிலும் ஓட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ரக்பி போன்ற பள்ளிகளில் பையன்கள் ஆடிய ஒரு துரத்தல் விளையாட்டிலிருந்து வந்தது. இரண்டு பேர் முயலாக முன்னால் ஓடிக் காகிதத் துண்டுகளைச் சிதறவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் வேட்டை நாய்களாக அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் இன்று அது ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடியும் ஒரு பருவ விளையாட்டு. பெரும்பாலான பள்ளிகளில் வந்த பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துக்கொள்வார்கள், ‘நீ தேறவில்லை, வீட்டுக்குப் போ’ என்பது கிடையாது. நம்மவர்களின் பெண்கள் பலர் அங்கே இதில் சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது கணக்கு. 24:50 என்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 58 விநாடி. அமெரிக்க மைல் கணக்கில் மைலுக்கு 8 நிமிடம். பள்ளிப் பெண்களில் புதிதாக வருபவர்கள் 25 முதல் 30 நிமிடம்வரை எடுப்பது சாதாரணம். அதற்கு மேல் எடுப்பவர்களும் எல்லாப் பந்தயத்திலும் உண்டு. பள்ளியின் முதல் அணியில் இடம்பிடிக்கும் பெண்கள் பெரும்பாலும் 19-க்கும் 22-க்கும் நடுவில் ஓடுவார்கள். 18-க்குள் வந்தால் மாநில அளவில் பேசுவார்கள். 17-க்குள் வந்தால் நாடே பேசும். கொலராடோவின் மெலடி ஃபேர்சைல்ட் என்ற பள்ளி மாணவி 1990-ல் சான் டியேகோவில் நடந்த தேசியப் பந்தயத்தில் 16 நிமிடம் 39 விநாடியில் ஓடியதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, முதல் பந்தயத்தில் 24:50 என்பது நல்ல தொடக்கம். இதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பையன்களின் ஓட்ட நேரங்களைத் தேடினால் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகலாம். பெண்களுக்கு ஐம்பது வருஷம் போனாலே தாள் வெள்ளையாகிவிடும். பெண்கள் மெதுவாக ஓடியதால் அல்ல. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் வைத்தார்கள். அதில் மிக நீளமான ஓட்டம் 800 மீட்டர். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். அது உலக சாதனை. இரண்டாவது வந்தவர் ஜப்பானின் கினுயே ஹிடோமி. அந்த ஒலிம்பிக்கில் ஜப்பான் அனுப்பிய ஒரே பெண். 100 மீட்டரில் இறுதிப் போட்டிக்கு வர முடியாமல் போனதால், அதுவரை போட்டியில் ஓடியே பழகாத 800-ல் துணிந்து இறங்கி வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். சரியாக மூன்று வருஷம் கழித்து, அதே ஆகஸ்ட் 2-ஆம் தேதி, 24 வயதில் நிமோனியாவில் இறந்துபோனார்.

அந்த ஓட்டம் முடிந்ததும் சிலர் புல்லில் சாய்ந்தார்கள். உயிரைக் கொடுத்து ஓடியவர்கள் சாயாமல் என்ன செய்வார்கள்? பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. 11 பெண்கள் ஓடினார்கள், 5 பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள், முடித்தவர்களும் மயங்கி விழுந்தார்கள் என்று ஒரு அமெரிக்க நிருபர் எழுதினார். ஓடியது 9 பேர். ஒன்பது பேரும் முடித்தார்கள். ஆனால் அச்சில் வந்ததுதான் நின்றது. பெண்களின் உடம்புக்கு இது ஆகாது என்று முடிவு கட்டி 800 மீட்டரை எடுத்துவிட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் வரை, 32 வருஷம், அது திரும்ப வரவில்லை.

இதற்கு நான்கு வருஷம் முன்னால், 1924-ல் பாரிஸில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்களுக்கான ஒலிம்பிக் கிராஸ் கண்ட்ரி. கொளுத்தும் வெயில். 38 பேர் கிளம்பினார்கள், முடித்தது 15 பேர். ஃபின்லாந்தின் பாவோ நூர்மி மட்டும் ஒன்றும் நடக்காதது போல வந்து ஜெயித்தார். மற்றவர்களில் பலரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதன்பிறகு ஒலிம்பிக்கில் கிராஸ் கண்ட்ரியே இல்லாமல் போனது, உண்மைதான். ஆனால் ‘ஆண்களின் உடம்பு நெடுந்தூரத்துக்கு லாயக்கில்லை’ என்று ஒருவரும் சொல்லவில்லை. பத்தாயிரம் மீட்டரும் மராத்தானும் அவர்களுக்கு அப்படியே இருந்தன. ஆண் விழுந்தால் வெயில் காரணம், பெண் விழுந்தால் பெண்மை காரணம். வகுப்பில் ‘ஆதாரத்தை எப்படிப் படிப்பது’ என்று உங்களுக்கு நடத்துவேனே, அதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இது ஒலிம்பிக்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பள்ளிவரை இறங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிக் ஹார்பர் என்ற கடலோர ஊரில் டோரிஸ் பிரௌன் என்று ஒரு பெண். 1950-களின் கடைசியில் பள்ளி மாணவி. ஓடுவதென்றால் உயிர். ஆனால் பள்ளியின் ஓடுபாதையில் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. வெளியே ஓடி ஓடி வளர்ந்தார். 1966-ல் உள்ளரங்க ஓட்டத்தில் ஒரு மைலை 5 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண் ஆனார். 1967-ல் வேல்ஸ் நாட்டின் பாரி என்ற ஊரில் நடந்த சர்வதேச கிராஸ் கண்ட்ரியில் முதலிடம். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் என்று 1971 வரை தொடர்ந்து ஐந்து முறை. நெடுந்தூரத்தில் உலகத்தின் சிறந்த பெண் அவர். ஆனால் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கிருந்த மிக நீளமான ஓட்டமே 800 மீட்டர்தான். அதில் ஓடி ஐந்தாவதாக வந்தார். மீனை மரம் ஏறச் சொன்ன கதை.

பாஸ்டன் மராத்தான் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1966-ல் பாபி கிப் புதரில் ஒளிந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்து ஓடினார். 1967-ல் கேத்ரின் ஸ்விட்சரை நடுவழியில் ஓர் அதிகாரி பிடித்திழுக்கப் பார்த்தார். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. 1972-ல்தான் அங்கே பெண்களை முறையாகச் சேர்த்தார்கள்.

அதே 1972, ஜூன் 23. ‘டைட்டில் நைன்’ என்று அமெரிக்காவில் சொல்லும் சட்டப் பிரிவில் அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டார். அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் மொத்தம் 37 சொற்கள். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது! அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஹவாயைச் சேர்ந்த பேட்ஸி மிங்க். ஜப்பானிய வம்சாவளி. டாக்டராக ஆசைப்பட்டு விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் கதவைச் சாத்தின. சட்டம் படித்து நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார். கல்லூரிக் கதவைத் திறக்கத்தான் அந்தச் சட்டம். மைதானத்தின் கதவும் சேர்ந்து திறந்துகொண்டது.

1971-72-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு அணிகளில் இருந்த பெண்கள் ஏறக்குறைய 2,94,000. பையன்கள் 36 லட்சத்துக்கும் மேல். இன்று பெண்கள் 30 லட்சத்துக்கும் மேல். பள்ளிகள் மனமுவந்து மாறின என்று நினைக்காதீர்கள். விதிமுறைகள் எழுதவே 1975 ஆகிவிட்டது. உயர்நிலைப் பள்ளிகளுக்கு 1978 வரை அவகாசம் கொடுத்தார்கள். மறு வருஷமே, 1979-ல், பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசிய கிராஸ் கண்ட்ரிப் பந்தயம் தொடங்கியபோது பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தூரம் வைத்தார்கள்: 5 கிலோமீட்டர்.

நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த காலத்தில் விளையாட்டு விழா என்றால் பெண் பிள்ளைகளுக்கு 100, 200, அப்புறம் கோ-கோ, எறிபந்து, வளையப்பந்து. விளையாட்டு பீரியடையும் பாதி நாள் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். 1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தைத் தவறவிட்டதற்கு நாம் எல்லோரும் எப்படித் தவித்தோம்! அதே ஊரில், அதற்கு மூன்று நாள் முன்புதான் ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதல் பெண்கள் மராத்தான் நடந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். அது நமக்கு ஒரு செய்தியாகவே தெரியவில்லை.

தேசியப் பந்தயத்தில் ஒரே தூரம் வந்தபிறகும் எல்லா மாநிலங்களும் பின்தொடரவில்லை. சில இடங்களில் பெண்களுக்கு 2 மைல், சில இடங்களில் 4 கிலோமீட்டர். அதே பள்ளியின் பையன்களுக்கு 5. மின்னசோட்டா, அயோவா போன்ற மாநிலங்களில் பெண்களுக்கு 5 கிலோமீட்டர் வந்தது 2010-களின் நடுவில்தான். அப்போதும் ‘பெண்களுக்கு இது அதிகமில்லையா, அணியில் சேரப் பயப்படுவார்களே’ என்று பேச்சு எழுந்தது. கல்லூரிகளிலும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த தூரம்தான் வைத்தார்கள். ஆகவே அம்மா காலத்து நேரத்தையும் மகள் காலத்து நேரத்தையும் ஒரே பலகையில் எழுதி ஒப்பிட முடியாத பள்ளிகள் அங்கே உண்டு. தூரமே வேறு.

இனி என் மாணவிக்குச் சொல்ல வேண்டியது. ஒரு காலத்தில் பெண் உடம்பைக் காட்டி ‘ஓடாதே’ என்றார்கள். இப்போது அந்த உடம்பையே மறந்துவிட்டு ‘போன வருஷத்தைவிட வேகமாக ஓடு’ என்கிறார்கள். பையனுக்குப் பதினான்கிலிருந்து பதினெட்டுக்குள் தசை ஏறும், நேரம் பெரும்பாலும் இறங்கிக்கொண்டே போகும். பெண்ணுக்கு அதே வயதில் இடுப்பு அகலும், எடை கூடும், மாதவிலக்கு நிலைப்படும். ஒன்பதாம் வகுப்பில் 20 நிமிடத்தில் ஓடியவள் பதினொன்றாம் வகுப்பில் 21 ஆவது நோயல்ல, சோம்பலும் அல்ல. உடம்பு வளர்கிறது. கொஞ்சம் பொறுத்தால் பழகிக்கொண்டு மறுபடி வேகம் பிடிக்கும்.

பொறுக்காத பயிற்சியாளர்களும் பெற்றோரும் என்ன செய்தார்கள்? எடையைக் குறை என்றார்கள். பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்தார்கள். சில மாதம் நேரம் நன்றாகவே இறங்கும், அதுதான் ஆபத்து. பிறகு மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பில் மெல்லிய விரிசல் விழும். சாப்பாடு, மாதவிலக்கு, எலும்பு, இந்த மூன்றும் சேர்ந்து கெடுவதை மருத்துவர்கள் 1990-களிலேயே பெயர் வைத்து எச்சரித்தார்கள். அமெரிக்காவின் 5000 மீட்டர் சாம்பியனாக இருந்த லாரன் ஃப்ளெஷ்மேன் 2023-ல் வெளியிட்ட ‘குட் ஃபார் எ கேர்ள்’ என்ற புத்தகத்தில் இதைத் தன் அனுபவத்தோடு எழுதியிருக்கிறார். ஓடும் பெண் இருக்கிற வீட்டில் அது இருக்கட்டும்.

ஆகவே, அம்மா, மகளிடம் நேரத்தை மட்டும் கேட்காதே. எந்த மைதானம், மேடு எத்தனை, மழை பெய்ததா என்று கேள். ஒரே வாரத்தில் இரண்டு களங்களில் ஒன்றரை நிமிடம் வித்தியாசம் வரலாம். அணியில் எத்தனையாவது என்றும் கேள். இந்த விளையாட்டில் ஓர் அணிக்கு 7 பேர் ஓடுவார்கள், முதல் 5 பேரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கும். முதலில் வருபவள் எவ்வளவு முன்னால் வந்தாலும் அவளுக்கு 1 புள்ளிதான். பல பந்தயங்களைத் தீர்மானிப்பது ஐந்தாவதாக ஓடும் பெண், யாரும் படம் எடுக்காத பெண். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று மாதா மாதம் கேள், கூச்சப்படாதே. காலை இட்லியை எண்ணாதே.

வெளிநாட்டிலோ நம் ஊரிலோ உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் யாராவது இப்படி ஓடுகிறார்களா? கீழே எழுதுங்கள். பேர் வேண்டாம். எத்தனையாவது வகுப்பு, எவ்வளவு தூரம், களம் எப்படி, இவ்வளவு போதும். என் பழைய நோட்டு ஒன்றில் குறித்து வைக்கப் போகிறேன்.