புழுவின் மூளையும் புகையானின் சிறகும்

எங்கள் பக்கத்தில் புகையான் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி மாதத்தில், கதிர் வாங்கி நிற்கிற சம்பா வயலின் நடுவில், யாரோ ஒரு கூடை நெருப்பைக் கொட்டி அணைத்துவிட்டுப் போன மாதிரி வட்டமாக ஓரிடம் கருகி நிற்கும். நாளுக்கு நாள் வட்டம் பெரிதாகும். விட்டால் வயலே வைக்கோல்தான். குனிந்து தூரைப் பிரித்துப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, எள்ளைவிடச் சற்றே பெரிய பழுப்புப் பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கும்.

அரசலாற்றுப் பாசனத்தில் என் சித்தப்பாவின் நிலம் ஒரு வருஷம் அப்படித்தான் போயிற்று. வரப்பில் நின்றுகொண்டு, "இதுகளில் பாதிக்குச் சிறகே சரியாக இல்லையே சித்தப்பா, எப்படி இவ்வளவு தூரம் வந்தது?" என்று கேட்டேன்.

"வந்தது சிறகோடதாண்டா வந்துது. இடம் பிடிச்சப்புறம் சிறகு எதுக்கு? பிள்ளை பெறவே நேரம் சரியா இருக்கு" என்றார்.

துக்கத்திலும் அவருக்கு வாய் அடங்காது. ஆனால் சொன்னது சாஸ்திரப்படி சரி. பறந்து வருவது நீளச் சிறகு. அதன் வம்சத்தில் குட்டைச் சிறகு பிறக்கிறது. அது பறக்காது, முட்டை மட்டும் ஏராளமாக இடும். நெருக்கடி வந்து பயிரும் முற்றினால் மறுபடி நீளச் சிறகு. ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளில் எதற்கு எந்தச் சிறகு என்று தீர்மானிப்பது யார்?

இந்தக் கேள்வியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால், அது போலந்து தேசத்துக் கிராக்கோ நகரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே ஸ்டெஃபான் கோபெச் என்று ஓர் இளைஞர், முதல் உலக யுத்தம் நடந்த காலத்தில், கம்பளிப் புழுக்களின் மூளையை அகற்றிக்கொண்டிருந்தார். கடைசித் தோல் உரித்துப் பத்து நாளுக்குள் மூளையை எடுத்துவிட்டால் புழு கூட்டுப்புழுவாக மாறவில்லை. பத்து நாள் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடவாதது போல மாறிற்று. புழுவின் நடுவில் நூலை இறுக்கிக் கட்டினார். முன்பாதி மாறியது, பின்பாதி புழுவாகவே கிடந்தது. நரம்பை மட்டும் வெட்டிப் பார்த்தார். இரண்டு பாதியும் மாறின. ஆகவே உத்தரவு நரம்பு வழியாகப் போகவில்லை, ரத்தத்தில் போகிறது. மூளை ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்றார். முதலில் 1917-ல் எழுதினார். 1922-ல் அமெரிக்காவின் 'பயலாஜிக்கல் புல்லட்டின்' சஞ்சிகையில் ஆங்கிலத்தில் வந்தது.

மூளையாவது, சுரப்பதாவது என்று உலகம் சும்மா இருந்துவிட்டது. 1940-ல்தான் இங்கிலாந்தில் விக்கிள்ஸ்வொர்த், மூளையின் எந்தப் பகுதி அதைச் சுரக்கிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் வார்ஸாவில், ஜெர்மானியர் பக்கம் சேர்ந்துவிட்ட நடிகன் ஒருவனை எதிர்ப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பழியாகப் பிணைக்கைதிகள் 21 பேர் பால்மிரி காட்டில் சுடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர், அப்போது வார்ஸா சர்வகலாசாலைப் பேராசிரியராக இருந்த கோபெச். வயது 52 அல்லது 53. அந்த நடிகனை அவர் மேடையிலாவது பார்த்திருப்பாரோ என்னவோ.

அவர் கட்டுரை வெளிவந்த அதே சஞ்சிகையில், 33 வருஷம் கழித்து, 1955-ல், திருவனந்தபுரத்திலிருந்து கே. கே. நாயர் எழுதினார். இஃபிடா லிம்பாட்டா என்ற சிவப்பு நாவாய்ப்பூச்சியின் மூளையைச் சீவிச் சாயமேற்றி, சுரக்கும் நரம்பணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பதித்துக் காட்டினார். பின்னர் அதே பூச்சி முட்டையிடுவதற்கும் இந்தச் சுரப்புகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடினார். நம் புகையானும், சாறு உறிஞ்சும் அந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் நாயரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் விஷயம் ஓட்டமெடுத்தது. 1954-ல் ஜெர்மனியில் பூட்டெனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து 25 மில்லிகிராம் தோலுரி ஹார்மோனைப் பிரித்தார்கள். 1975-ல் கனடாவில் 125 கிலோ கரப்பான்பூச்சியை அரைத்து, ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்குகூட வராத நரம்புப் பொருள் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். என்ன பொறுமை!

சித்தப்பாவின் வயலுக்குப் பதில் 2015-ல் சீனாவிலிருந்து வந்தது. புகையானின் மூளை இன்சுலின் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் வாசல் உடம்பில் இரண்டு உண்டு. ஒரு வாசல் நீளச் சிறகுக்கு வழிவிடுகிறது. மற்றது அதைத் தடுத்துக் குட்டைச் சிறகாக்குகிறது. முற்றிய நெல்லில் சர்க்கரை கூடுவதும் சிறகை நீட்டுகிறது என்று பிறகு வந்த ஆராய்ச்சி சொல்லிற்று.

சித்தப்பா தினம் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். அவரிடம் இதைச் சொன்னபோது சிரிஞ்சைக் கையில் பிடித்தபடி யோசித்தார்.

"அப்போ அதுக்கும் சர்க்கரை வியாதியா?"

"வியாதி இல்லை சித்தப்பா, அதுக்கு அது பயணச் சீட்டு."

இப்போதெல்லாம் அவர் நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுகிறார். யூரியாவைக் குறைத்துவிட்டார். பூச்சி தென்பட்டால் தண்ணீரை வடித்து, வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கிறார். அந்தச் சாற்றிலுள்ள அஸாடிராக்டின், பூச்சியின் தோலுரி ஹார்மோனைத் தாறுமாறாக்குகிறது என்பதையும் சொல்லிவைத்தேன்.

"அதைப் பாட்டியே சொல்லியிருப்பாளே" என்று சொல்லிவிட்டு, மடையைத் திறக்கப் போய்விட்டார்.