வாடகைக்கு விடாத வீட்டுக்கு வாடகை எவ்வளவு?

காரைக்குடி நகராட்சி ஆனது 1928-ல. அப்போ சொத்து வரிக்கு அடிப்படை, 1920-ம் வருஷத்து மெட்ராஸ் மாவட்ட நகராட்சிச் சட்டம். வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக வருஷத்துக்கு என்ன வருமோ, அதில் கட்டடப் பங்குக்கு 10 சதவீதம் மராமத்துக் கழிவு. மீதிதான் ஆண்டு மதிப்பு.

சரி, முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற செட்டியார் வீட்டை யார் வாடகைக்கு எடுப்பாங்க?

சட்டம் எழுதினவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். வழக்கமாக வாடகைக்கு விடாத வகைக் கட்டடம் என்றால், நில மதிப்போடு, இன்று கட்ட ஆகும் செலவைத் தேய்மானம் போகக் கூட்டி, அதில் 6 சதவீதம். நிரல் எழுதுகிறவனுக்கு இது அழகான ‘எல்ஸ்’ கிளை!

ஆனா பர்மா தேக்கில் அந்த வீட்டை இன்னொரு தடவை கட்ட முடியுமா? 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கொண்டுவிக்கப் போன இடத்துப் பணம் நின்றது. பிறகு பல வீடுகள் முழுசாக விலை போகவில்லை, பிரித்துத்தான் போயின. தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. சந்தை பார்த்தது மரத்தையும் மனையையும்.

வரி பார்ப்பதோ சதுர அடியை. 2022 சீராய்வில், சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம் உயர்வு; 1800-க்கு மேல் 100 சதவீதம். வளவு மட்டுமே அதைத் தாண்டும் வீடுகள் இங்கே உண்டு. பூட்டிக் கிடந்தாலும் ரசீது ஒன்றுதான். அதைப் பங்காளிகள் புள்ளிக் கணக்கில் பிரித்துக்கொள்ள வேண்டும்.